ஒன்றாம் தேதிக்காரர்கள் எல்லாம் முன்னால் வந்த நாள்

போன வாரம் உங்கள் அறைப் பக்கம் வந்தபோது நீங்கள் இரண்டு பேர் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தீர்கள். கணினித் திரையில் தேதியைப் போடும்போது நாளை முதலில் காட்டுவதா, மாதத்தை முதலில் காட்டுவதா என்று. நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவள் பழைய அலுவலகத்துக்கு வந்தால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. தேதி எப்படித் தெரிய வேண்டும் என்ற இதே விஷயத்தில் ஒரு மனிதனின் வேலையும் மானமும் போகப் பார்த்த நாள் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையின் பெயர் இப்போது வேண்டாம். கரும்பு விவசாயிகளின் வசதிக்காகத் திருத்தணியில் ஒரு கிளை அலுவலகம் வைத்திருந்தார்கள். ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். கணினிப் பிரிவு என்று பெயர் பெரிதாக இருந்ததே தவிர, அதில் நானும் பாஸ்கரும்தான். பாஸ்கர் பள்ளிப்பட்டுக்காரன். நெசவு செய்கிற வீடு, வீட்டில் பேச்சு தெலுங்கு. கணினி படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து இரண்டாவது அரவைப் பருவம் அது. நிதானமானவன். சொன்ன வேலையைக் குறைவில்லாமல் செய்வான்.

கரும்பு வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடவு முடிந்ததும் விவசாயி ஆலையில் பதிவு செய்துகொள்வார். அரவை தொடங்கும்போது, முதலில் நட்டவர் முதலில் வெட்ட வேண்டும். அதற்கு ஆலை ஒரு உத்தரவு கொடுக்கும். ஊரில் அதைக் கட்டிங் ஆர்டர் என்பார்கள். அந்தச் சீட்டு கைக்கு வராமல் யாரும் கரும்பில் கத்தி வைக்க முடியாது. தாமதமானால் கரும்பு பூத்துவிடும். உள்ளே சக்கையாகி எடை இறங்கிவிடும். ஒரு வருடம் தண்ணீர் கட்டிக் காத்ததற்கு அர்த்தமே இருக்காது. அதனால் யாருக்கு முதல் ஆர்டர் என்பது அந்த வட்டாரத்தில் சாதாரண விஷயம் இல்லை.

முந்தைய பருவத்தில் எங்கள் பட்டியலில் தேதி மாதம் முதலில் வருகிற மாதிரி அச்சாகியிருந்தது. ஜனவரி மூன்றாம் தேதியை எல்லாரும் மார்ச் ஒன்று என்று படித்தார்கள். ஏகப்பட்ட புகார். இந்த முறை நம் ஊர் வழக்கப்படி நாளை முதலில் போடுங்கள் என்று கிளை மேலாளர் சொல்லியிருந்தார். நான் சென்னைத் தலைமை அலுவலகத்தில் வேறு வேலையாக இருந்த வாரத்தில் பாஸ்கர் அந்த மாற்றத்தைச் செய்து, பட்டியலை அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிட்டான். முதல் நாளுக்கான ஆர்டர்களும் போய்விட்டன.

நான் திரும்பிய அன்று கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டத்தோடு ரயிலில் இடிபட்டு இறங்கி அலுவலகத்துக்கு வந்தால், அங்கே அதைவிடப் பெரிய கூட்டம். உள்ளே போகவே வழி விடவில்லை. என்னை அடையாளம் தெரிந்த ஒரு பெண்மணி கையைப் பிடித்து நிறுத்தினார். பெயர் தனம்மா. திருவாலங்காட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் தானே நின்று கரும்பு வைக்கிறவர்.

"இன்னாம்மா நடக்குது உங்க ஆபீசுல? மார்கழியில நட்டவ நானு. என் பேரு கடைசிப் பக்கத்துல கீது. மாசி பாதியில நட்டவனுக்கு இன்னிக்கே ஆர்டரு. ஏன்னு கேட்டா, அவன் உங்க கம்ப்யூட்டர் புள்ளைக்கு மாமனாம்!"

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மாமன் இல்ல, அக்கா வூட்டுக்காரன். பேரு முனிரத்தினம்!"

உள்ளே போனேன். பாஸ்கர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் மடியில் இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தான். மேலாளர் என்னைத் தனியே அழைத்தார்.

"மேடம், ஆலையிலேர்ந்து போன் மேல போன். எத்தனை வண்டி வரும்னு கேக்கறாங்க. பாய்லர் ஏத்தியாச்சு. அரவையை நிறுத்த முடியாது. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இவனை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுறேன். அந்த முனிரத்தினம் பேரை அடிச்சிடறேன். மீதி லிஸ்ட் அப்படியே போகட்டும். கூட்டம் கலைஞ்சிடும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் கூட்டம் கத்தும்போது, ஒரு பெயரை அடித்து, ஒரு ஆளை வெளியே அனுப்பினால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றுவது இயற்கை. நீங்களும் ஒரு நாள் அப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள்.

"சார், பத்து நிமிஷம் கொடுங்க" என்று கேட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டேன்.

நானும் எல்லாரையும் போல முதலில் முனிரத்தினத்தின் பெயரைத்தான் தேடினேன். மூன்றாவதாக இருந்தது. மார்ச் ஒன்றாம் தேதி நடவு. அவ்வளவு தாமதமாக நட்டவர் அங்கே வர வழியே இல்லை.  இந்தப் பையனா இப்படி என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, மற்றப் பெயர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் யாரோடும் பாஸ்கருக்கு உறவில்லையே, அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்?

முதல் பெயருக்கு எதிரே ஜனவரி ஒன்று. அடுத்தது பிப்ரவரி ஒன்று. என் விரலுக்குக் கீழே மார்ச் ஒன்று. நான்காவது ஜனவரி இரண்டு. அதற்குக் கீழே பிப்ரவரி இரண்டு. மூன்றாம் தேதிக்காரர்கள் அதற்கு அடுத்து. எல்லாரையும் முந்திக்கொண்டு டிசம்பர் இருபத்தொன்பதில் நட்ட தனம்மா, இருபத்தெட்டாம் தேதிக்காரர்கள் அனைவருக்கும் பின்னால், கடைசிப் பக்கத்தில்.

 இது திருட்டு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நம் தொழிலைப் பேசிவிடுகிறேன். டேட்டாபேசுக்குள் தேதி என்பது நாம் எழுதுகிற மாதிரி கோடு போட்டு இருப்பதில்லை. அது ஒரே மதிப்பு. காலத்தில் எது முன், எது பின் என்று அதற்குத் தெரியும். கோடு, புள்ளி, நாள் முதலில், மாதம் முதலில் என்பதெல்லாம் வெளியே வரும்போது நம் கண்ணுக்காகப் போட்டுவிடும் சட்டை. பாஸ்கர் அந்தத் தேதியை எழுத்தாக மாற்றி, நாள் முன்னால் வரும்படி அழகாக அமைத்திருந்தான். அதில் தவறில்லை. ஆனால் மாற்றிய எழுத்துக்கும் பழைய தேதியின் பெயரையே வைத்துவிட்டான். பட்டியலை எடுக்கக் கணினிக்கு அவன் எழுதிய கேள்வியில், வரிசைப்படுத்தச் சொன்ன கடைசி வரி தேதியை விட்டுவிட்டு அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டது. எழுத்தை இயந்திரம் இடமிருந்து வலமாகத்தான் ஒப்பிடும். முதலில் நாள் வருகிறது. ஒன்று சின்னது, இருபத்தொன்பது பெரியது. மாதத்தையும் ஆண்டையும் அது பிறகுதான் பார்க்கும்.

அவன் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. ஒரு கிராமத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறான். அந்த ஊரில் எல்லாரும் ஜனவரியிலேயே நட்டவர்கள். ஒரே மாதத்துக்குள் எழுத்து வரிசையும் தேதி வரிசையும் ஒன்றுதான். எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

"சரி, தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. அவன் பேரை அடிச்சா போதாதா?"

"சார், அந்த ஒரு பேரை மட்டும் அடிச்சா, பையன் மோசடி பண்ணினான்னு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. லிஸ்ட்டும் தப்பாவே இருக்கும். தனம்மாவுக்கு அப்பவும் ஆர்டர் கிடைக்காது."

"அப்போ ஆலைக்கு என்ன பதில் சொல்ல?"

"காலையில வெட்ட ஆரம்பிச்ச வயல்ல நிறுத்த வேண்டாம். வெட்டின கரும்பு காஞ்சிடும், அது ஆலைக்குப் போகட்டும். கத்தி வைக்காத வயல்ல மட்டும் ஆர்டரை நிறுத்தி வைங்க. மதியத்துக்குள்ள சரியான லிஸ்ட் வரும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "மதியம் வரைக்கும்தான்" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முனிரத்தினம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராக உள்ளே வந்தார். நல்ல உயரம். முகம் சிவந்திருந்தது. கையிலிருந்த ஆர்டர் சீட்டைப் பாஸ்கர் முன்னால் மேசையில் வைத்து அறைந்தார்.

"நான் உன்ன கேட்டனாடா? எனுக்கு முன்னாடி போடுன்னு எப்பனா வாய் தொறந்து கேட்டனா? டீக்கடையில நாலு பேர் மூஞ்சிக்கு நேரா திருடன்றான். உங்க அக்கா காலையிலேர்ந்து அழுதுகினு கீறா."

"பாவா, சத்தியமா நான் உங்க பேரைக்கூட பாக்கல பாவா" என்றான் பாஸ்கர். அவன் வீட்டில் அக்காள் கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். "பார்த்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

"அப்போ எப்பிடிடா வந்திச்சி?"

பாஸ்கருக்கு அப்போதும் அது தெரியாது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மேடம், நான் வேலையை விட்டுடறேன். நைனா தறியில உட்கார்ந்துக்கறேன். அக்கா வீட்டுக்கு இந்தப் பேர் வேண்டாம்."

"அப்புறமா விடலாம்" என்றேன். "முதல்ல உன் கேள்வியில தேதி வர்ற வரியையும் வரிசை வர்ற வரியையும் சேர்த்து ஒரு தடவை படி."

அவன் திரையைப் பார்த்தான். உதடு அசைய மெதுவாகப் படித்தான்.  சற்று நேரத்தில் அவன் நிமிர்ந்தான். "ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருக்கேன்" என்றான். "ஐயோ, நாளை வெச்சு அடுக்கியிருக்கு மேடம்!" அன்று காலையிலிருந்து அவன் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது.

"உடனே திருத்திடறேன்" என்று கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தான். நான் தடுத்தேன். பூட்டிய அறைக்குள் அவன் திருத்தி, புதிதாக ஒரு காகிதத்தை ஒட்டினால் வெளியே இருப்பவர்கள் எதை நம்புவார்கள்? காலையில் ஒரு விதமாக அடித்தவன் மதியம் வேறு விதமாக அடித்தான் என்றுதானே சொல்வார்கள்?

நான் பட்டியலோடு வெளியே போய்ப் படியில் நின்றேன். சத்தம் அடங்க நேரமானது.

"இந்த லிஸ்ட் தப்பு" என்றேன். அதைக் கேட்டதும் கூட்டம் காதுகொடுக்க ஆரம்பித்தது. அவர்கள் மறுப்பை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். "எப்படித் தப்பாச்சுன்னு நீங்களே பார்க்கலாம். முன்னாடி பேர் வந்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து துண்டு போட்ட பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஆங், நான் கீறேன்" என்றார்.

"நடவு எந்தத் தேதிங்க?"

"பிப்ரவரி ஒண்ணு."

"பாஸ்கருக்கு நீங்க என்ன உறவு?"

"உறவா? அந்தப் புள்ள மூஞ்சியே எனுக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்!"

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எங்களுக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

"இவரும் ஒண்ணாம் தேதி. முனிரத்தினமும் ஒண்ணாம் தேதி. இவருக்கு மேல இருக்கிறவரும் ஒண்ணாம் தேதி. மெஷின் நாளைப் பார்த்து அடுக்கிடுச்சு. மாசத்தைப் பார்க்கல" என்றேன்.

தனம்மா தன் பதிவுச் சீட்டை எடுத்துப் பிரித்தார். "அப்போ இருபத்தொம்போதுன்னு கண்டவொடனே என்ன கடைசிக்குத் தள்ளிட்டுதா?"

"ஆமாம்மா."

"போன வருசத்து டிசம்பர்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும். நாங்க அதைக் கேட்ட விதம் தப்பு."

அவர் சீட்டை மடித்தார். "சரி, இப்போ சரியா கேளுங்க. நான் பாக்கறேன்" என்றார்.

அதைத்தான் நானும் விரும்பினேன். தனம்மாவையும், அந்தப் பெரியவரையும், இன்னும் ஒருவரையும் உள்ளே அழைத்துப்போய்ப் பாஸ்கரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மேலாளர் என் காதருகில் குனிந்தார். "அவனையேவா மறுபடியும் உட்கார வைக்கறீங்க? நீங்க பண்ணக் கூடாதா?"

பண்ணலாம்தான். ஒரு வரிதான் திருத்த வேண்டும். ஆனால் நான் திருத்தினால் பட்டியல் மட்டும் சரியாகும். அவன் கை கெட்ட கை என்கிற பேச்சு அப்படியே இருக்கும். அந்தப் பேச்சோடு அவனால் இந்த ஊரில் எந்த வேலையிலும் உட்கார முடியாது. "அவனே பண்ணட்டும் சார். எல்லாரும் பார்க்கட்டும்" என்றேன்.

அச்சடிப்பதற்கு முன் மூன்று பேரிடமும் நடவு தேதியைக் கேட்டு, யார் முதலில் வர வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். முதலில் தனம்மா, பிறகு மூன்றாமவர், பிறகு பெரியவர். தகராறே இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பாஸ்கர் கடைசி வரியைத் திருத்தினான். காகிதத்தில் தெரிவது நாள் முதலில் வருகிற எழுத்து, அடுக்குவது உள்ளே இருக்கும் தேதியை வைத்து. என்ன செய்கிறான் என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டே செய்தான்.  பிரிண்டர் இரைச்சலோடு காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது. தனம்மா எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே அவர் பெயர். அதற்குக் கீழே அந்த மூன்றாமவர். பெரியவரின் பெயர் இன்னும் கீழே.

"நான் இறங்கிட்டேன்" என்றார் பெரியவர், கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு தானாகவே, "சரிதான். என்னுது இன்னும் முத்தல" என்று சேர்த்துக்கொண்டார்.

முனிரத்தினம் அதுவரை சுவரோரமாக நின்றிருந்தார். தன் பெயர் எங்கே என்று கேட்டார். பாஸ்கர் பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். பாதிக்கும் கீழே இருந்தது.

"எனுக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்திச்சி" என்றார் அவர். "கரும்பு பச்சையா நிக்குது, ஆர்டர் வந்துட்டுதேன்னு. அதிர்ஷ்டம்னு நெனச்சிட்டேன்." மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்து மேலாளரிடம் கொடுத்தார். அப்புறம் தனம்மாவைப் பார்த்தார். "யம்மா, வெட்டற ஆளுங்க காலையிலேர்ந்து என் வரப்புல குந்திகினு கீறாங்கோ. ஒரு கரும்பும் வெட்டல. உனுக்கு ஆளு கெடச்சிச்சா?"

"எங்க கெடச்சிது? ஆர்டரே இல்லாதவளுக்கு எந்த மேஸ்திரி வருவான்?"

"அப்போ அவங்கள உன் வயலுக்கு இட்டுனு வரேன். டிராக்டர் கீது."

 காலையில் வாசலில் அவரைத் திட்டியவர்களில் தனம்மாதான் முதல் ஆள். "வாப்பா. பூ வந்துகினு கீது, சீக்கிரம் வா" என்றார். மேலாளர் அங்கேயே ஆர்டரை எழுதிக் கையெழுத்திட்டார். ஆலைக்குத் தொலைபேசியில் சாயங்காலத்துக்குள் வண்டி வரும் என்று சொன்னார். குரலில் காலையில் இருந்த பதற்றம் இல்லை.

பாஸ்கர் வேலையை விடவில்லை. அன்று பிற்பகல் அவனோடு உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்துகொண்டோம். ஒப்பிடுவதும் அடுக்குவதும் தேதியின் மதிப்பை வைத்து மட்டும். எழுத்தாக மாற்றுவது கடைசியில், காகிதத்துக்குப் போகும்போது. மாற்றியதற்கு வேறு பெயர். சோதிக்கும்போது மாதம் மாறுகிற இடத்தையும் ஆண்டு மாறுகிற இடத்தையும் கட்டாயம் எடுத்துக்கொள்வது. இவை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எங்களுக்கு அவை வாசலில் நின்ற மனிதர்களின் முகத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டன.

சில வாரங்கள் கழித்து அதன் பலன் தெரிந்தது. எடை மேடையில் புதிதாக வைத்த கணினி வண்டிகளைப் பதிந்துகொண்டிருந்தது. இன்று எத்தனை வண்டி என்று கேட்டால் ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தது. கண்ணெதிரே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இயந்திரம் கெட்டுவிட்டது என்று எல்லாரும் அதன் மேல் பாய்ந்தார்கள். பாஸ்கர் மட்டும் திரையில் தெரிவதை நம்பாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். அங்கே தேதியோடு மணியும் நிமிடமும் ஒட்டிக்கொண்டிருந்தன. திரை தேதியை மட்டும் காட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. வெறும் தேதிக்குச் சமமா என்று கேட்டால் எந்த வண்டியும் அகப்படாது. இன்று தொடக்கத்திலிருந்து நாளை தொடங்குவதற்கு முன்புவரை என்று கேள்வியை மாற்றினான். வண்டிகள் எல்லாம் வந்துவிட்டன. என்னை அவன் கூப்பிடவே இல்லை. மறுநாள் பேச்சுவாக்கில்தான் சொன்னான்.

அரவை முடிந்தது. அடுத்த நடவுக்கான பதிவு தொடங்கியது. ஒரு நாள் பகலில் தனம்மா வந்தார். பாஸ்கர் சாப்பிடப் போயிருந்தான். பதிவு மேசையில் இருந்த பெண், "வாங்கம்மா, தேதியைச் சொல்லுங்க, நான் ஏத்திடறேன்" என்றாள்.

"இருக்கட்டும்மா. எனுக்கு அவசரம் இல்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார் தனம்மா. "அந்தப் புள்ள வரட்டும். என்னுத அவனே ஏத்தட்டும்."

பாஸ்கர் கை கழுவிய ஈரத்தோடு உள்ளே வந்தான். அவரைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சொல்லுங்கம்மா, எந்தத் தேதி?" என்று கேட்டான்.